இரண்டு முறை இறுகிய என்ஜின்

ஒரு சனிக்கிழமை காலை, என் பழைய மாணவன் ஒருவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வீட்டு வாசலில் வந்து நின்றான். படிவம் ஐந்து முடித்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். "சார், மறுபடியும் ஜேம் ஆயிருச்சு" என்றான். மூன்று மாதத்துக்கு முன்பு இதே என்ஜின் இதே மாதிரி இறுகிப்போய், பட்டறையில் கொடுத்து, புது பிளாக், புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டிருந்தான். டிப்ளோமா படிக்கச் சேர்த்து வைத்த பணத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

பணம் ஒரு பக்கம். முதல் தடவை அவன் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை பின்னால் அம்மா. சமிக்ஞை விளக்கை நெருங்கி வேகத்தைக் குறைத்திருந்த நேரம், அதனால் பின்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு, கொஞ்சம் சறுக்கி நின்றதோடு போயிற்று. நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பழைய என்ஜின் ஒன்னு வாங்கிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டான். அதற்கு முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையில் என்ஜின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும், அது ஒரு தனி அலைச்சல். அதைவிட முக்கியம், அந்தப் பழைய என்ஜின் ஏன் விற்பனைக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? "முதல்ல இது ஏன் ரெண்டு தடவை இறுகுச்சுன்னு பார்ப்போம்டா" என்றேன். அடுத்த மூன்று வாரக் கடைசிகள் என் கார் நிறுத்துமிடத்தில் போயின.

நம் மாணவர்கள் எழுதும் செயல்முறை விளக்கக் கட்டுரைகளில் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. 'முதலில் இதைச் செய்ய வேண்டும், பின்னர் அதைச் செய்ய வேண்டும், அதன்பின் இன்னொன்று' என்று வரிசை மட்டும் இருக்கும், 'ஏன்' இருக்காது. அந்த மூன்று வாரமும் எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த 'ஏன்'தான். அதனால் இதை இங்கே எழுதுகிறேன்.

எந்த மோட்டார், எந்த மாதிரி என்ஜின்

வண்டி ஹோண்டா இஎக்ஸ்5, கார்புரேட்டர் வைத்த பழைய வகை. நாம் 'கப்சாய்' என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம். 'கப்' என்பது 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் மோட்டாரின் பெயரிலிருந்து வந்தது. 'சாய்' சீன மொழியில் சிறியது, குட்டி என்று பொருள்படும் ஒட்டு. மலாய், சீனம், தமிழ் மூன்று பேச்சிலும் இன்று ஒரே சொல்லாகக் கலந்துவிட்டது. 2017-இல் இந்தச் சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் வேறெந்த மோட்டார் வண்டியும் இவ்வளவு செய்யப்படவில்லை.

இந்த என்ஜினில் ஒரே சிலிண்டர். அது நேராக நிற்காமல் முன்பக்கம் பார்த்துப் படுத்த மாதிரி இருக்கும். சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மி.மீ. தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கிறது. சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பதால் முழு என்ஜினையும் சட்டத்திலிருந்து இறக்காமலே தலைப்பகுதியையும் பிளாக்கையும் முன்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

கருப்பெண்ணெய் மாற்றும்போது இதற்குப் பிடிப்பது வெறும் 0.7 லிட்டர். ஒரு பெரிய மினரல் வாட்டர் போத்தல் அளவுகூட இல்லை. அந்தக் கொஞ்ச எண்ணெய்தான் கியர், கிளட்ச், கிராங்க், பிஸ்டன், மேலே இருக்கும் கேம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. காரில் இருப்பதுபோல எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் இதில் இல்லை. குச்சியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். குச்சியைத் துடைத்துவிட்டு உள்ளே விடும்போது திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் காட்டும்.

இறுகுவது என்றால் என்ன

பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஓடும் சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. இரண்டும் சூடானால் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. தூய அலுமினியம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 பங்கு. 50 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனும் சிலிண்டரும் 100 பாகை சூடேறினால் அலுமினியம் 0.115 மி.மீ. பெருக்கும், இரும்பு 0.055 மி.மீ. பெருக்கும். வித்தியாசம் 0.06 மி.மீ. நம் தலைமுடியின் தடிமன் அளவுதான். ஆனால் புது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி அதைவிடவும் குறைவு!

அப்படியானால் ஒவ்வொரு என்ஜினும் முதல் நாளே இறுகிவிட வேண்டாமா? இறுகாததற்குக் காரணம் பிஸ்டனைச் செய்கிறவர்களின் கெட்டிக்காரத்தனம். அலுமினியத்தில் சிலிக்கான் கலந்து விரிவைக் குறைக்கிறார்கள். பிஸ்டனை முழு வட்டமாகச் செய்வதில்லை, சற்றே நீள்வட்டம். அதிகம் சூடாகும் மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடச் சிறியதாகக் கடைகிறார்கள். அதனால்தான் பிஸ்டனை அளக்கும்போது உச்சியில் அளக்கக் கூடாது. கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, பின் போகும் துளைக்குக் குறுக்கே அளக்க வேண்டும். வேறு இடத்தில் அளந்தால் தப்பான எண் கிடைக்கும், தப்பான எண்ணை நம்பித் தப்பான பிஸ்டன் வாங்குவோம்.

மிச்ச வேலையைச் செய்வது எண்ணெய்ப் படலம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் ஒரு விநாடியில் 200 முறை நின்று திரும்புகிறது. சராசரி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். அந்த வேகத்தில் அலுமினியம் இரும்பை நேரடியாகத் தொட்டால் உராய்வுச் சூட்டில் இளகி இரும்புச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இன்னும் உராயும், இன்னும் சூடாகும். சில விநாடிகளில் பிஸ்டன் நின்றுவிடும். கியரில் இருக்கும் வண்டியில் பிஸ்டன் நின்றால் பின்சக்கரமும் நிற்கும். இதைத்தான் 'ஜேம்' என்கிறோம்.

பிரிப்பதற்கு முன்பு

வண்டியைக் கழுவினோம். இது பகட்டுக்கு அல்ல. என்ஜின்மேல் ஒட்டியிருக்கும் மண், பிளாக்கை உருவும்போது நேராகக் கிராங்க் பெட்டிக்குள்தான் விழும். பழைய பிஸ்கட் டின்கள் நான்கு வைத்துக்கொண்டோம், ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுக்கும் ஒன்று. ஒவ்வொன்றையும் கழற்றும் முன்பு கைப்பேசியில் ஒரு படம்.

அடுத்தது எண்ணெயை வடித்து அளந்தோம். பையன் இதை வேண்டாத வேலை என்று நினைத்தான், முகத்திலேயே தெரிந்தது. சமையலறையில் ஓரங்கட்டிய அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 0.7 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதாவது எண்ணெய் இருந்தது! "அப்போ எண்ணெய் கொறைஞ்சதால இல்லையா சார்?" என்றான். எண்ணெய் இல்லாமல் ஓட்டினான் என்றுதான் முதல் தடவை பட்டறையில் அவனைத் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவன் அன்றே "இல்ல, இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறான். யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஆறிய என்ஜினைக் கிக் அடித்தால் கரகரவென்ற சத்தத்தோடு சுற்றியது. இடதுபக்க மூடியைத் திறந்து, ரோட்டரில் உள்ள ஆங்கில 'டி' குறியைப் பெட்டியில் உள்ள குறிக்கு நேரே கொண்டுவந்தோம். அப்போது பிஸ்டன் மேலே வந்து நிற்கும். மேலே கேம் பற்சக்கரத்தில் உள்ள சிறு வட்டக் குறியும் தலைப்பகுதியில் உள்ள வெட்டுக்கு நேரே இருக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போதும் இதே நிலைதான். இது ஒரு பல் தவறினாலும் வால்வு திறக்கும் நேரம் மாறி, வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இழுக்காது.

தலையைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ஒரே மூலையை முழுதும் தளர்த்தினால் தலைப்பகுதி வளைய வாய்ப்பு உண்டு. இந்த வகை என்ஜின்களில் நான்கு வாஷரில் ஒன்று செம்பாக இருக்கும். எண்ணெய் மேலே ஏறும் வழியை அடைப்பது அது. எந்த மூலையில் இருந்தது என்று மறந்து மாற்றிப் போட்டால் எண்ணெய் கசியும். படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

கண்ட தடயங்கள்

பிஸ்டனின் இருபக்கமும் மேலிருந்து கீழ்வரை நீளக் கீறல்கள். சிலிண்டர் சுவரில் வெள்ளை வெள்ளையாக அலுமினியம் ஒட்டியிருந்தது. மேல் வளையம் தன் பள்ளத்திலேயே சிக்கி அசையவில்லை. இது வரைக்கும் எந்தப் போமனும் சொல்லிவிடுவார். (ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஃபோர்மேன் இந்த நாட்டில் எப்படியோ மெக்கானிக் ஆகிவிட்டார்!)

நாங்கள் அங்கே நிற்கவில்லை. தலைப்பகுதியைத் திருப்பிக் கேமைப் பார்த்தோம். கேமின் மேடுகளும், அவற்றின்மேல் உராயும் ராக்கரின் முகங்களும் வரிவரியாகத் தேய்ந்திருந்தன. பெட்ரோல் கலவை குறைந்து, வெறும் சூட்டினால் பிஸ்டன் இறுகியிருந்தால் பிஸ்டன் மட்டும்தான் கெட்டிருக்க வேண்டும். கேமுக்கும் எரிவாய்க்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கேமும் பிஸ்டனும் சேர்ந்து தேய்ந்தது என்றால் இரண்டுக்கும் பொதுவானது ஒன்று கெட்டிருக்கிறது. அது எண்ணெய். ஆனால் எண்ணெய் அடியில் நிறைவாக இருக்கிறது. எனவே அது மேலே ஏறவில்லை.

கிராங்கின் இணைப்புத் தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம். அசைவு இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தது, அந்த அசைவு இருக்கத்தான் வேண்டும். எண்ணெய் ஏறாத என்ஜினில் இது எப்படித் தப்பியது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குள் இருப்பவை உருளும் தாங்கிகள், உருளும் பொருளுக்குக் கொஞ்சம் எண்ணெய்த் துளி தெறித்தாலே ஓரளவு தாக்குப்பிடிக்கும். கேமும் பிஸ்டனும் உருள்வதில்லை, வழுக்குகின்றன. வழுக்கும் இடத்துக்குப் படலம் வேண்டும். மேலும் கீழும் அசைவு இருந்திருந்தால் கதை வேறு. கிராங்க் பெட்டியையே இரண்டாகப் பிளந்து, அழுத்து இயந்திரம் வைத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை அல்ல.

வலதுபக்க மூடியைத் திறந்தோம். எண்ணெய்ப் பம்பு அந்தப் பக்கம்தான். பெட்டியின் அடியில் ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும் சின்னக் கம்பிவலையை உருவினால், அதன்மேல் சாம்பல் நிற ரப்பர் மாதிரி துண்டுகள் அப்பிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டினால் இழுபட்டது. மூடியின் உள்விளிம்பைப் பார்த்தோம், அங்கேயும் அதே சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிக்கோன் பசை. ஓராண்டுக்கு முன்பு எங்கேயோ கிளட்ச் பலகை மாற்றியபோது, காகித கேஸ்கட்டுக்குப் பதிலாகவோ அதன்மேலோ பசையைத் தாராளமாகப் பூசி மூடியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது சிறுகச் சிறுக உதிர்ந்து வலையில் போய் அடைத்திருக்கிறது. பம்பு உறிஞ்ச எண்ணெய் கிடைக்கவில்லை.

முதல் தடவை புது பிளாக்கும் புது பிஸ்டனும் போட்டவர்கள் வலதுபக்க மூடியைத் தொடவே இல்லை. கெட்டுப்போன பொருளை மாற்றினார்கள், கெடுத்த பொருள் உள்ளேயே இருந்தது. பையன் வலையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கா சார் அவ்வளவு காசு?" என்றான்.

வலையைக் கழுவினோம். கிராங்க் முனையில் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் வடிகட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே களிம்புபோல் படிந்திருந்ததை வழித்தெடுத்தோம். பம்பைப் பிரித்து அதன் இடைவெளிகளை ஃபீலர் கேஜால் அளந்தோம், கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருந்தன. எண்ணெய் போகும் துளைகள் ஒவ்வொன்றிலும் காற்றடித்து மறுமுனையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தோம்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய், அதுவும் வெளியில். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கும் நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். வடித்த கருப்பெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் நாட்டு விதிகளின்படி அது எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டோம்.

வெளியே கொடுக்க வேண்டிய வேலை

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் வேலைக்கு, 'போரிங்' என்று சொல்வார்களே, இயந்திரம் வேண்டும். பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் அளவுகளில் கிடைக்கும். எங்கள் சிலிண்டரின் கீறல் 0.25-இல் போகாது என்று கடைசல்காரர் சொன்னார், 0.50-க்குப் போனோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்றபடி குடைவார். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் குடைவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

"ஒரேடியா பெரிய பிளாக் போட்டுட்டா நல்லா ஓடுமே சார்" என்று பையன் ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பழுதுக்காக அரை மி.மீ. குடைவது வேறு, என்ஜினையே வேறொன்றாக்குவது வேறு. அனுமதி இல்லாமல் என்ஜின் கொள்ளளவை மாற்றுவது குற்றம், விபத்து நடந்தால் காப்புறுதியும் கை விரிக்கும். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

குடைந்து வந்த சிலிண்டரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். அவை எண்ணெய் தங்குவதற்காகவே போட்டவை. ஆனால் அந்தக் கோடுகளுக்குள் சாணைக்கல்லின் தூளும் தங்கியிருக்கும், அதை மண்ணெண்ணெய் முழுதாக எடுக்காது. சுடுநீரும் சோப்பும் தூரிகையும்தான் எடுக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் கழுவினோம், ஐந்து தடவை ஆயிற்று. காய்ந்ததும் உடனே எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்தில் துரு பூக்கும்.

கேமும் ராக்கர்களும் புதிது வாங்கினோம். வால்வுகளை அரைப்புப் பசை வைத்துச் சுழற்றித் தேய்த்து, வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்தோம். ஒழுகவில்லை.

பூட்டும்போது

புது வளையத்தைப் பிஸ்டனில் மாட்டும் முன்பு தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். இந்த அளவு என்ஜினில் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்கும், கையேடு சொல்வதே முடிவு. இடைவெளியே இல்லாவிட்டால் வளையம் சூட்டில் விரிந்து முனையோடு முனை முட்டி, சிலிண்டரைக் கீறும். மறுபடியும் ஜேம்.

வளையங்களில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். மூன்று வளையங்களின் வாய்களும் ஒரே கோட்டில் வராமல் 120 பாகை தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு நேராக ஒழுகிவிடும். பிஸ்டன் தலையில் 'இன்' என்று பொறித்திருக்கும் பக்கம் கார்புரேட்டர் பக்கம், அதாவது இந்த என்ஜினில் மேலே. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளைவுக் கம்பிகளைப் பழையது போடக் கூடாது. சில காசு மிச்சம் பிடிக்கப் போய் அது ஓட்டத்தில் கழன்றால் சிலிண்டரே போய்விடும். அதை மாட்டும்போது கிராங்க் பெட்டியின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பி ஒன்று துள்ளிப் போய் அந்தத் துணியின்மேல்தான் விழுந்தது.

கேஸ்கட்டுகள் எல்லாம் புதிது, காகிதம். பசை ஒரு சொட்டும் இல்லை. நட்டுகளைக் குறுக்காக, மூன்று சுற்றாக, டார்க் ஸ்பேனர் வைத்துக் கையேட்டின் அளவுக்கு இறுக்கினோம். டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். 'கைக்கே அளவு தெரியும்' என்பது முப்பது வருடம் வேலை பார்த்தவரின் கைக்குச் சரி. வால்வு இடைவெளி, என்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டுக்கும் 0.05 மி.மீ.

முழுதும் பிரித்த என்ஜின் என்பதால் எண்ணெய் 0.9 லிட்டர் ஊற்றினோம். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வால்வு மூடியையும் திறந்து வைத்து, பையனைக் கிக் அடிக்கச் சொன்னேன். பிளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது, பம்பு மட்டும் வேலை செய்யும். பத்து, இருபது, முப்பது. ஒன்றும் வரவில்லை. பையன் என்னைப் பார்த்தான், எனக்கும் வயிற்றைக் கலக்கியது. நாற்பதைத் தாண்டியதும் ராக்கரின் ஓரத்தில் எண்ணெய் மின்னியது, பிறகு சொட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் பிளக்கைப் போட்டோம். மூன்றாவது கிக்கில் கிளம்பியது.

முதல் 500 கிலோமீட்டருக்கு முழு முறுக்கு முறுக்கவில்லை, ஒரே வேகத்திலும் நீண்ட நேரம் ஓட்டவில்லை. அம்மாவையும் ஏற்றவில்லை, அது அவனாகவே எடுத்த முடிவு. 500-இல் எண்ணெயை மாற்றினோம். அப்போது வலதுபக்க மூடியை மறுபடியும் திறந்து வலையைப் பார்த்தோம். இதற்காக இன்னொரு கேஸ்கட் வாங்க வேண்டியிருந்தது. வலை சுத்தமாக இருந்தது.

வகுப்பறைக்கு

தன்வினை, பிறவினை நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வேலையைப் போல வளமான களம் கிடைப்பது அரிது. என்ஜின் இறுகியது, நட்டை இறுக்கினான். கம்பி கழன்றது, கம்பியைக் கழற்றினான். கிராங்க் சுழன்றது, வால்வைச் சுழற்றினான். கேம் தேய்ந்தது, வால்வைத் தேய்த்தான். போல்ட் தளர்ந்தது, போல்ட்டைத் தளர்த்தினான். தானாக நடந்தது எது, ஒருவர் செய்தது எது என்று மாணவர் பிரித்துச் சொல்லும்போது அவர் இலக்கணத்தோடு காரணத்தையும் சேர்த்தே சிந்திக்கிறார். 'எண்ணெய் குறைந்தது' என்று சொன்னால் எண்ணெய் தானாகக் குறைந்தது, 'வலையைப் பசை அடைத்தது' என்றால் செய்தது பசை. பையன் முதல் தடவை வாங்கிய திட்டு இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான்.

பேச்சில் 'கழட்டு', 'மாத்து' என்று சொல்வதில் தப்பில்லை, பட்டறையில் 'கழற்று' என்று சொன்னால் சிரிப்பார்கள். தேர்வுத்தாளில் 'கழற்று', 'மாற்று' என்று எழுத வேண்டும். உரையாடலை மேற்கோள் குறிக்குள் தரும்போது மட்டும் பேச்சு வடிவம் இருக்கலாம். பிஸ்டன், கேம், கேஸ்கட் போன்ற சொற்களை அப்படியே எழுதலாம் என்பது என் கருத்து. 'உந்துதண்டு' போன்ற தமிழ்ச் சொல் தெரிந்தால் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு ஒன்றையே கடைசிவரை பின்பற்றச் சொல்லுங்கள். மாறி மாறி எழுதினால் இரண்டும் வேறு பொருள் என்று திருத்துபவர் நினைத்துக்கொள்வார்.

அறிவியல், கணித ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்துவதாக இருந்தால், சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிடச் சொல்லலாம். 50 மி.மீ. விட்டத்துக்கு 97.19 கன செ.மீ. வரும், 50.50 மி.மீ. ஆனதும் 99.15 வரும். அரை மி.மீ. குடைந்ததில் இரண்டு கன செ.மீ.தான் கூடியிருக்கிறது. பெரிய பிளாக் ஆசைப்படும் பையன்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால், பழுது பார்ப்பதற்கும் என்ஜினை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் எண்ணிலேயே தெரியும்.

எழுத்துப் பயிற்சிக்கு: மேலே உள்ள 'பூட்டும்போது' பகுதியிலிருந்து ஐந்து செயல்களை மட்டும் காரணம் இல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?' என்று மாணவர்களைக் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து ஒரே பத்தியாக எழுதச் சொல்லுங்கள். கட்டுரையை அவர்கள் முன்கூட்டியே படித்திருக்க வேண்டாம், ஊகித்தே எழுதட்டும். வகுப்பில் கப்சாய் ஓட்டுகிறவன் ஒருவனாவது கடைசி வரிசையில் இருப்பான். அவனிடம் முதலில் கேளுங்கள்.